வரி கட்டாத மகளை வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டி

அனுப்புநர்:
யோ. சுவாமிதாஸ் (வயது 57),
நூலகர், கிராம நூலகம்,
காரோடு பஞ்சாயத்து,
நெய்யாற்றின்கரை வட்டம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அலுவலகம்.
(அலுவலகம் எது என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. விசாரித்த இரண்டு கட்டடங்களிலும் மற்றக் கட்டடத்தையே காட்டினார்கள். ஆகவே இரண்டுக்கும் ஒவ்வொரு படி அனுப்புகிறேன்.)

படி:
வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள். பத்தி 12, 13, 18 ஆகியவற்றைக் கவனிக்கவும்.

பொருள்: பெற்றோருடன் வசித்து, படித்துக்கொண்டே வேலை செய்த என் மகள் சு. ஜோஸ்னா வருமான வரி செலுத்துபவர் அல்லர் என்று கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் வழங்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: (1) மகள் ஆங்கிலத்தில் இணையம் வழியே அனுப்பிய புகார். பதிலாக ஒரு பதிவு எண் வந்தது. (2) நான் மலையாளத்தில் நேரில் கொடுத்த மனு. பதிவு எண்ணும் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

1. இதே பொருள் குறித்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுதியாகிவிட்டது. இம்மனு தமிழில் இருப்பதற்குக் காரணம் மொழிப்பற்று அன்று. அனுப்புவதற்கு முன் தனக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று என் மனைவி நிபந்தனை விதித்தார். அவர் மலையாளத்தில் மீன் வாங்குவார், பேருந்து ஏறுவார், வழக்காடுவார். ஆனால் எழுத்து என்று அவருக்குள் இறங்குவது வேதப்புத்தகத்துத் தமிழ் மட்டுமே. வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னார். அந்த இடங்கள் வரும்போது தெரிவிக்கிறேன்.

2. நான் கிராம நூலகத்தில் பணியாற்றுகிறேன். எனக்குக் கிடைப்பது சம்பளம் அன்று, படித்தொகை. அது வருமான வரி வரம்பை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. என் மனைவி புஷ்பபாய்க்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஓர் அறக்கட்டளை நடத்தும் பிரிவில், ஏழைக் குடும்பங்களுக்கான இளஞ்சிவப்பு ரேஷன் அட்டை உள்ளவர்களுக்கு அது இலவசம். ஆகவே எங்கள் வீட்டில் அந்த அட்டை அரிசி வாங்கும் அட்டை அன்று. அதை மனைவி தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அரிசி வாங்க வேண்டிய நாளில் நான் கேட்டு வாங்கிச் சென்று, திருப்பி ஒப்படைக்கிறேன்.

3. எங்களுக்கு ஒரே மகள். வயது இருபது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதல் ஆண்டு தொடங்கியதிலிருந்தே, எல்லைக்கு அப்பால் களியக்காவிளையில் ஒரு டியூஷன் சென்டரில் மாலை வேளைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அம்மாவின் மருந்துக்கும் தன் கல்லூரிக் கட்டணத்துக்கும் அப்பாவிடம் கேட்பது வீண் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது. மாநில எல்லையை ஒரு நாளில் இரண்டு முறை கடந்தாள். எல்லை அவளை ஒருபோதும் எதுவும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் எல்லைக்கு இந்தப்புறம்.

4. டியூஷன் சென்டரை நடத்துபவர் திரு. ஜெனில். எங்கள் சபையின் கமிட்டி அங்கத்தினர். நேர்மையானவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மனுவில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. அதுதான் இதை எழுதுவதில் உள்ள சிரமம். மாதம் முடிந்ததும் ஓர் உறையில் பணமும் ஒரு துண்டுச் சீட்டும் வைத்துக் கொடுப்பார். உறையைப் பிரிக்காமல் தாயின் கையில் கொடுப்பதும், தாய் அதை வேதப்புத்தகத்தின் மேல் வைத்து ஜெபித்துவிட்டுப் பிரிப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். முதல் மாதச் சீட்டில் மொத்தத் தொகை, கழிவு பத்து சதவீதம், கையில் கிடைப்பது என்று மூன்று வரிகள் இருந்தன.

5. பத்தில் ஒரு பங்கு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும், ஐயா. தசமபாகம். என் மாமனார் மிஷன் பள்ளியில் பியூனாக இருந்தவர். அவருடைய சபைப் பங்கைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுப்பார்களாம். அந்த வீட்டில் வளர்ந்த என் மனைவி சீட்டைப் பார்த்ததும் கண்கலங்கினார். "ஜெனில் சார் நல்ல மனியன் ஆக்கும். கர்த்தருக்கு உள்ளத நம்ம கையில தாறதுக்கு முன்னயே எடுத்து வச்சிட்டாரு" என்றார். மகளும் அங்கே ஒருமுறை விசாரித்திருக்கிறாள். எல்லாருக்கும் பிடிப்பதுதான் என்று பதில் கிடைத்தது. அங்கே கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் சபைப் பிள்ளைகள். ஆகவே அந்தப் பதில் அவளுக்கும் பொருத்தமாகவே இருந்தது. சம்பளத்தைக் கூட்டினால் கர்த்தருக்கும் கூடும் என்று சாரிடம் சொல்லிப் பார்க்கட்டுமா என்று தாயைச் சீண்டினாள். தாய் சிரித்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கள் துறைக்குப் போன பணத்துக்காக எங்கள் வீட்டில் மாதந்தோறும் நன்றி ஜெபம் நடந்தது. வேறெந்த வீட்டிலும் தங்கள் துறைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

6. எங்கள் சபையில் ஆண்டு முடிவில் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்று அச்சிட்டுக் கொடுப்பார்கள். சென்ற ஆண்டு தொடக்கத்தில் வந்த அறிக்கையில், சம்பாதிக்கும் பிள்ளைகள் பட்டியலில், ஜோஸ்னா என்ற பெயருக்கு எதிரே, தொகைக்குப் பதிலாக ஒரு சிறு கோடு போட்டிருந்தது. முந்தைய ஆண்டு அறிக்கையில் அவள் பெயரே இல்லை. புதிதாக வேலைக்குப் போன பிள்ளை, அடுத்த ஆண்டு சேர்ப்பார்கள் என்று அப்போது மனைவி சமாதானம் செய்துகொண்டார். கோட்டுக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியவில்லை. ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் ஜெனில் சாரைத் தனியாக நிறுத்தி, கோபமில்லாமல், தப்பு நேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று கேட்டார். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவருடைய முகம் வாடிவிட்டது. "அது கர்த்தருக்கு இல்ல அக்கா, கவர்மெண்டுக்காக்கும்" என்றார்.  இரண்டு ஆண்டுகள் கர்த்தருக்குக் கடன் வைத்துக்கொண்டே, கொடுத்துவிட்டதாக நினைத்து நடந்துகொண்டோமே என்பதுதான் மனைவியின் முதல் வருத்தம். பணம் போனது இரண்டாவது.

7. ஜெனில் சார் மறுநாளே வீட்டுக்கு வந்து விளக்கினார். மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவி, சட்டத்தின் கண்ணில், தொழில்முறை சேவை அளிப்பவர். அவருக்குக் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒன்றைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது சென்டரை நடத்துபவருடைய கடமை. மகளின் ஆண்டு வருமானம் வரி வரம்பில் பாதிகூட இல்லை என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த தொகை முழுவதும் திரும்பி வரும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லாதது தன் தவறு என்றார். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தாராம். பி.காம். படிக்கும் பெண்ணுக்குத் தெரியாதா என்று தாங்கள் கேட்கலாம். வருமான வரி அவளுக்கு ஐந்தாம் பருவப் பாடம். துன்பம் நான்காம் பருவத்திலேயே வந்துவிட்டது. முதல் ஆண்டுப் பணத்தைக் கேட்கும் காலக்கெடுவும் அதற்குள் முடிந்திருந்தது. அதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. கெடு என்றால் கெடுதான்.

8. சென்ற ஜூலையில் மகள் தன் வாழ்நாளின் முதல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாள். அடுத்த மாதமே தங்கள் துறையிலிருந்து அறிவிப்பு வந்தது. செலுத்த வேண்டிய வரி பூஜ்யம், பிடித்த தொகை முழுவதும் திருப்பி அளிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. சொன்னபடி பணமும் வந்தது. தங்கள் துறையின் வேகத்தை நான் நூலகத்தில் நான்கு பேரிடம் புகழ்ந்தேன். அந்தப் பணம் எங்களிடம் இல்லை. மனதில் ஒருமுறை கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று மனைவி உறுதியாக இருந்தார். மகள் தன் கையாலேயே அதைச் சபையில் செலுத்தினாள். ரசீது இணைத்துள்ளேன்.

9. அக்டோபர் மாதம் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் குடும்பத்தில் வருமான வரி செலுத்துபவர் ஒருவர் இருப்பது தெரியவந்ததால், எங்கள் அட்டை முன்னுரிமைப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டு வெள்ளை அட்டையாக மாற்றப்பட்டது. கணக்குத் தாக்கல் செய்தவர்களின் பட்டியலும் குடும்ப அட்டைகளின் பட்டியலும் எங்கோ ஒரு கணினியில் சந்தித்திருக்கின்றன. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. எங்களை எதுவும் கேட்கத் தேவை ஏற்படவில்லை. ஐயா, மாதந்தோறும் அவளிடம் வரி பிடித்த காலத்தில் அவள் வரி செலுத்துபவர் அல்லள். ஒரு ரூபாயும் வரி இல்லை என்று தாங்களே எழுதி, பிடித்ததையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவள் வரி செலுத்துபவர் ஆனாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பலமுறை யோசித்தும் எனக்கு விளங்காததால் சொல்கிறேன்.

10. அட்டை வெள்ளையானதும் டயாலிசிஸ் பிரிவில் அடுத்த முறையிலிருந்து கட்டணம் செலுத்தும்படி கேட்டுக்கொண்டார்கள். வருத்தத்துடன்தான் கேட்டார்கள். மூன்று வாரம் கட்டினோம். நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை, உடம்பு இன்று மிகவும் லேசாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை போனால் போதும் என்று என் மனைவி சொன்னார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை அவருக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனையில் ஆறு நாட்கள் வைத்திருந்தார்கள். மகள் அந்த ஆறு நாட்களும் தாயின் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து ஐந்தாம் பருவத் தேர்வுக்குப் படித்தாள். அந்த வாரம் அவளுக்கு வருமான வரித் தாள். நன்றாகவே எழுதியதாகச் சொன்னாள்.

11. வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். தங்கள் துறை அனுப்பிய பூஜ்யம் அறிவிப்பைக் காட்டினேன். அது கணினித் தாள், இதில் யாருடைய கையொப்பமும் முத்திரையும் இல்லை, இதை வைத்துத் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல மனதுடன் ஒரு வழி சொன்னார். மகள் வேறு வீட்டில் வசித்தால், அவள் பெயர் வேறு அட்டைக்குப் போய்விட்டால், உங்கள் வீட்டில் வரி செலுத்துபவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள், அட்டை பழைய நிறத்துக்கே வந்துவிடும் என்றார். ஆரியங்கோட்டில் என் தங்கை ஷீனா இருக்கிறாள். அவளுடையது ஏற்கெனவே வெள்ளை அட்டை. அதற்கு மேல் வெளுக்க வழியில்லை. ஜோஸ்னாவின் பெயரை அவளுடைய அட்டைக்கு மாற்ற விண்ணப்பித்தோம்.

12. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். ஆகவே நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை என் மகளை என் வீட்டிலிருந்து அகற்றினோம். துணிகள் இரண்டு பைகளில் ஆரியங்கோட்டுக்குப் போயின. பாடப்புத்தகங்களை நான் நூலகத்தில் ஒரு தனி அலமாரியில் வைத்தேன். யாராவது இரவல் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். இதுவரை வணிகவியல் யாரும் கேட்கவில்லை. செருப்பு, சீப்பு, குடை, பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு வாங்கிய சிறு கோப்பை எல்லாம் போயின. எல்லாம் முடிந்தபின் மகளே குளியலறைக்குப் போய், மூன்று பல்துலக்கிகளில் தன்னுடையதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவர்கள் இதையெல்லாம் எண்ணுவார்கள் அப்பா என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு குமாஸ்தாவைப் போலத் தன்னைத் தானே வீட்டிலிருந்து கழித்துக் காட்டினாள்.

13. விசாரணைக்கு வந்த ஆய்வாளர் கண்ணியமானவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அறைகளைப் பார்த்தார். குளியலறையையும் பார்த்தார். நாங்கள் அகற்ற மறந்த ஒன்று சமையலறைச் சுவரில் இருந்தது. நாட்காட்டி. அதில் தாயின் டயாலிசிஸ் நாட்களும் தன் தேர்வு நாட்களும் மகளின் கையெழுத்தில், இரண்டு நிற மையில் எழுதப்பட்டிருந்தன. அவர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். அவர் அதைப் பார்த்தார் என்று நான் எழுத மாட்டேன். பார்த்தும் எழுதாமல் விட்டார் என்றால் அவருடைய வேலைக்குக் கேடு. ஆகவே அவர் பார்க்கவில்லை. பிறகு கட்டிலில் இருந்த என் மனைவியிடம், மகள் இங்கேதானா வசிக்கிறாள் என்று மலையாளத்தில் கேட்டார். மனைவி மலையாளத்திலேயே, "இல்ல சாரே" என்றார். அவர் எழுதிக்கொண்டு போனார். பதினைந்தாம் நாள் அட்டை இளஞ்சிவப்பானது.

14. மனைவி திருத்தச் சொன்ன முதல் இடம் இதுதான். அந்தக் கேள்வியின் பொருள் அவருக்குச் சரியாக விளங்காமல் இருந்திருக்கலாம் என்று நான் எழுதியிருந்தேன். வாசித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "வெளங்கித்தான் சொன்னேன். பொய்யிண்ணே எழுதுங்க" என்றார். ஜெபிப்பது தமிழில், பொய் சொன்னது மலையாளத்தில் என்று நான் ஒரு வாதத்தை முன்வைத்துப் பார்த்தேன். கர்த்தருக்கு இரண்டும் தெரியும் என்று தள்ளுபடி செய்துவிட்டார்.

15. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. முப்பது ஆண்டுகளில் என் மனைவி அதைத் தவறவிட்டதில்லை. நோய் வந்த பிறகு, குடிக்கும் தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டியவர், திருவிருந்தின் அந்த ஒரு மிடறு திராட்சரசத்தைத் தன் அன்றைய கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பார். டிசம்பர் முதல் ஞாயிறு அவர் எழுந்து முன்னே போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். முடியவில்லையோ என்று நினைத்துப் போதகர் கிண்ணத்துடன் அவரிடமே வந்தார். மனைவி தலையை அசைத்து மறுத்தார். ஜனவரியிலும் அவ்வாறே. எதற்கென்று போதகருக்குத் தெரியாது, சபைக்குத் தெரியாது. சொன்ன பொய் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கும்வரை மன்னிப்புக் கேட்க முடியாது என்பது அவருடைய கட்சி. மகள் உண்மையிலேயே இங்கே வசிக்கவில்லை. ஆகவே அது இப்போது பொய்யும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு வாசல் அடைபட்டிருக்கிறது.

16. மகள் ஆரியங்கோட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறிப் போகிறாள். களியக்காவிளை அங்கிருந்து தூரம் என்பதால் வேலையை விட்டுவிட்டாள். ஆகவே எந்த வருமானத்தின் பொருட்டு அவள் வீட்டைவிட்டுப் போக நேர்ந்ததோ அந்த வருமானமும் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வருவதற்கும் அஞ்சுகிறோம். அண்டை வீட்டாரில் ஒருவருக்கு இளஞ்சிவப்பு அட்டை கிடைக்கவில்லை என்ற மனக்குறை உண்டு. அது நியாயமான மனக்குறை. ஆகவே எங்கள் குடும்பம் இப்போது கூடும் இடம் டயாலிசிஸ் பிரிவு. செவ்வாயும் வெள்ளியும் மகள் அங்கே பார்வையாளராக வருகிறாள். வாசலில் பதிவேடு உண்டு. முதல் நாள் செவிலியர் அஞ்சு, யாரைப் பார்க்க, என்ன உறவு, எந்த ஊர் என்று வரிசையாகக் கேட்டார். மகள் எழுதினாள். உறவு: மகள். ஊர்: ஆரியங்கோடு. நான் அதற்குக் கீழே எழுதினேன். உறவு: கணவர். ஊர்: காரோடு. அந்தப் பக்கத்தைப் பார்க்கிற யாரும் எங்களை ஒரே வீட்டு மனிதர்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

17. விடைபெறும்போது எங்கள் பக்கத்தில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மகளும் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு, "வாறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஊசிகள் இன்னும் கையில் இருக்க, என் மனைவி கண்ணைத் திறக்காமல், "எப்ப மக்கா?" என்று கேட்டார். மகள் பையை மறுபடியும் கீழே வைத்தாள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டாள். அன்று அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகும் துணிவு எனக்கு வரவில்லை. கடன் வாங்கி ஆட்டோ வைத்து ஆரியங்கோட்டுக்கு அனுப்பினேன். மறுநாளே இந்த மனுவை எழுதும்படி மனைவி சொன்னார்.

18. இம்மனுவின் படி வழங்கல் அலுவலருக்கும் போகிறது. அதில் எழுதியுள்ளதைப் படித்ததும், வீட்டைக் கலைத்து விசாரணையை ஏமாற்றியதாக எங்கள் அட்டையை இன்றே ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. செய்தால் வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட எங்களிடம் வழியில்லை. இதை மனைவியிடம் தெளிவாக விளக்கினேன். தெரியும் என்றார். யாரிடம் பொய் சொன்னோமோ அவரிடம்தானே போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். ஆகவே எழுதியிருக்கிறேன். எளிதாக எழுதியதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். இந்தப் பத்தியை ஒன்பது முறை கிழித்தேன். தபாலில் சேர்க்கும்வரை பத்தாவது முறை கிழிக்க வாய்ப்பு உண்டு. இது தங்கள் கைக்கு வந்திருந்தால், கிழிக்கவில்லை என்று பொருள்.

19. தங்கள் துறையில் இப்போது எல்லாம் முகமற்ற முறையில் நடப்பதாகவும், எந்த அலுவலரையும் நேரில் பார்க்கத் தேவையில்லை என்றும் பெருமையுடன் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. லஞ்சம் குறையும். ஆனால் என் மனைவியிடம் கேள்வி கேட்டவருக்கு முகம் இருந்தது. பதில் சொன்னவருக்கும் முகம் இருந்தது. எனக்குத் தேவைப்படுகிற கையொப்பத்துக்கும் எங்கோ ஒரு கை இருந்தாக வேண்டும். தாங்கள் மத்திய அரசு, அட்டை மாநில அரசு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டிலில் என் மனைவி படுத்திருக்கிறார்.

20. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

அ) சு. ஜோஸ்னா கணக்குத் தாக்கல் செய்தவர் மட்டுமே, வரி செலுத்த வேண்டியவரோ செலுத்தியவரோ அல்லர் என்று ஒரு கடிதம். தாங்கள் ஏற்கெனவே கணினியில் சொன்ன அதே பூஜ்யம்தான். அதன் கீழே ஒரு கையொப்பம், ஒரு முத்திரை.

ஆ) இனிமேல் மற்றத் துறைகளுக்குப் பட்டியல் கொடுக்கும்போது, கட்டியவர்களையும் திரும்பப் பெற்றவர்களையும் இரண்டு தாள்களில் கொடுக்க வேண்டும். தாள் செலவு அதிகமானால் நூலகத்தில் ஒருபக்கத் தாள்கள் நிறைய உள்ளன.

இ) படித்துக்கொண்டே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, சம்பளத்தில் பிடிக்கும் பத்து சதவீதம் என்ன, அதைக் கேட்டு வாங்கினால் என்னென்ன கூடவே வரும் என்பதைக் கல்லூரிகளில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும். ஐந்தாம் பருவம்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றையும் செய்ய இயலாவிட்டால் முதலாவதை மட்டும் செய்தால் போதும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் வழங்கல் அலுவலகத்துக்குப் போவேன். அங்கிருந்து ஆரியங்கோட்டுக்குப் போவேன். திரும்பும்போது இரண்டு பைகள் இருக்கும்.

21. அடுத்த திருவிருந்து பிப்ரவரி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் கடிதம் கிடைத்தால் நலம். அவசரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னதைப் பற்றியது. மனைவி திருத்திய இரண்டாவது இடம் இது. அந்த விஷயம் தமக்குத் தெரியும் என்பதையே அன்றுதான் எனக்குத் தெரிவித்தார். "அத அடிச்சிருங்க. இரக்கம் கேட்டு எழுதுற மனு இல்ல இது" என்றார். ஆகவே அந்த வரி இம்மனுவில் இல்லை.

தங்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும்,

யோ. சுவாமிதாஸ்
(கையொப்பம்)

வாசிக்கக் கேட்டேன். எழுதியிருப்பது உண்மை.
சு. புஷ்பபாய்
(கையொப்பம், இடது கையால். வலது கையில் ஊசி.)

இடம்: காரோடு
நாள்: 13.01.2026, செவ்வாய்

இணைப்பு:
1. வரி பூஜ்யம் எனத் தங்கள் துறை அனுப்பிய அறிவிப்பின் நகல்.
2. திரும்பக் கிடைத்த தொகையைச் செலுத்தியதற்கான சபை ரசீது.
3. சம்பளச் சீட்டுகள். முதல் சீட்டில் மெழுகுவர்த்தி சிந்தியிருப்பது ஜெபத்தின்போது நேர்ந்தது.
4. நவம்பர் மாத நாட்காட்டித் தாள். இரண்டு நிற மை.
5. புதிய பல்துலக்கி ஒன்று இணைக்கப்படவில்லை. உறை பிரிக்காமல் குளியலறையில் மூன்றாவதாக வைத்திருக்கிறோம். விசாரணைக்கு வருபவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.